பின்நோக்கி நடக்காதீர்கள்

கூபர் பீடிக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில்
ஒரு மஞ்சள் பலகை.
ஓடாதீர்கள். பின்நோக்கி நடக்காதீர்கள்.
மூடாத குழிகள்.
எழுத்துக்குப் பக்கத்தில் படம்:
ஒருவன் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறான்,
கால் இரண்டும் வானத்தைப் பார்க்க.
எத்தனை வருடமாகவோ விழுகிறான்,
இன்னும் தரை வரவில்லை.

ஆவுடையப்பன் வாசித்துவிட்டுச் சிரித்தார்.
"நம்மளத்தான் சொல்றான்."

மணலில் என் நாற்காலி முன்னே போகாது.
சின்னச் சக்கரம் இரண்டும் மூக்கைப் புதைத்துக்கொண்டு
வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.
பின்பக்கம் சாய்த்துப் பின்னோக்கியே இழுக்க வேண்டும்.
படி, சரளை, ரயில் வாசல்,
எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம்.
அருவிக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக்
கார் நிறுத்துமிடம்தான் சிறுத்துக்கொண்டே போகும்.
அருவி முதுகில் கேட்கும்.

'பகுதி அளவில் அணுகலாம்' என்றது
விடுதியில் கொடுத்த கையேடு.
எந்தப் பகுதி, என்னுடையதா சுரங்கத்துடையதா,
அது சொல்லவில்லை.
அடிலெய்டிலிருந்து ஒன்பது மணி நேரம்
ஓட்டி வந்திருந்தோம்.

காருக்கும் சுரங்க வாசலுக்கும் நடுவே
எண்பது தப்படி இருக்கும்.
இரு பக்கமும் வெளிறிய மண் கூம்புகள்,
யாரோ கொட்டிவிட்டு மறந்துபோன கோலமாவு.
ஒவ்வொரு கூம்புக்கும் அருகே ஒரு வாய்.
ஆள் ஒருவர் போகிற அகலம், பத்து மாடி ஆழம்.
கயிறு கட்டியிருந்தார்கள்.
மூன்று கம்பம் சாய்ந்து, கயிறு மண்ணில் கிடந்தது.

பிடித்தார், சாய்த்தார், இழுத்தார்.
அவர் முகம் காரைப் பார்த்து.
என் முகமும் காரைப் பார்த்து.
நான்கு கண் இருந்தும்
போகிற திசைக்கு ஒன்றுகூட இல்லை.

பத்தாவது தப்படியில் நிறுத்தச் சொன்னேன்.
கைப்பையைத் துழாவினேன்:
மாத்திரை அட்டை, பெட்ரோல் ரசீது, பவுடர் டப்பா.
மூடியின் உள்ளே கண்ணாடி, உள்ளங்கையில் பாதி.
சேலை முந்தியில் துடைத்துத்
தோளுக்கு மேலே பிடித்தேன்.
அதில், கொஞ்சம் ஆடியபடி,
நான் போகப்போகிற இடம்.

"சோத்தாங்கைப் பக்கம். இன்னும். போதும்.
மெதுவா. ஒரு குழி இருக்கு.
இருங்க.
ம், தாண்டியாச்சு. நேரா வாங்க."
இருபத்திரண்டு வருடத்தில் அவர்
இவ்வளவு சொல்பேச்சு கேட்டதில்லை.

வாசலில் சீட்டு கிழிக்கிற மிலேனா
லாரியில் சாமான் ஏற்றும் பலகையை இழுத்துவந்து
மூன்று படிமேல் போட்டாள்.
பாய்ந்து தூக்க வரவில்லை.
"எங்கே பிடிக்கட்டும்?" என்றாள்.
என்னிடம் கேட்டாள்.
அவரிடம் அல்ல.

உள்ளே இயந்திரம் குடைந்த தரை,
தோசைக்கல்லாய்ச் சமம்.
கூரைதான் தாழ்வு.
நெட்டையான நான்கு ஜெர்மன்காரர்கள்
குனிந்து குனிந்து நடந்தும்
தலைக்கவசம் டொக், டொக்.
நான் நிமிர்ந்து உட்கார்ந்தபடி,
என் சக்கரத்தை என் கையால் தள்ளி,
முன்னோக்கிப் போனேன்.
சுவரில் ஓபல், நூல் கனத்தில் நீலம்.
பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
ஆனால் அது எதிரே வந்தது.

திரும்பும்போது
பலகையருகே வண்டியை நிறுத்தச் சொன்னேன்.
விழுகிறவன் நடந்து வந்தவன்.
சக்கரத்தோடு விழுகிறவளை யாரும் வரையவில்லை.
எச்சரிப்பதற்குக்கூட,
இவள் வருவாள் என்று
முதலில் ஒருவர் நினைத்திருக்க வேண்டும்.

ஆவுடையப்பன் எஞ்சினை அணைக்கவில்லை.
"இருட்டுது. கங்காரு குறுக்க விழும்."
டப்பாவைத் திறந்தேன். பவுடரெல்லாம் செம்மண்.
மூடிப் பைக்குள் போட்டேன்.
முன்கண்ணாடி முழுக்கச் சாலை.